சாலைப் பதம்

கொருஷுக்குப் போகும் வளைவில்
எங்கள் சுவரை ஒட்டி
காலை ஆறேகாலுக்குத்
தக்காளி லாரி சாய்ந்தது.

இடிச் சத்தம் இல்லை.
ஈரத் துணி மூட்டையை
மாடியிலிருந்து யாரோ போட்டதுபோல் ஒரு தொப்.
அப்புறம் நெடுநேரம்
உருளும் சத்தம் மட்டும்.

சன்னலைத் திறந்தேன்.
தார்ச்சாலையைக் காணோம்.
ஓட்டுநர் மேல்கதவு வழியே ஏறி இறங்கி
முழங்கால்வரை சிவந்து நின்றான்.
ரத்தமா என்று கத்தினேன்.
விரலை நக்கிப் பார்த்துவிட்டு
இல்லை என்றான்.

பெயர் ஸெஃபெரீனு.
இருபத்தாறு வருஷமாக இதே வளைவு,
இன்றைக்குத்தான் அது திரும்பவில்லை என்று
வளைவின் மேலேயே பழியைப் போட்டான்.
போலீஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.
அதற்குள் ஊர் வந்துவிட்டது,
வாளியோடு, குழந்தை வண்டியோடு.
பாதிரியார் மட்டும் வெறுங்கையோடு வந்து
அங்கிப் பையில் நாலு போட்டுக்கொண்டு போனார்.

எனக்குத் துணி துவைக்கும் தொட்டி நிறைந்தது.
நசுங்கிய பழம் நாளைவரை காத்திருக்காது.
என்னிடம் இருந்ததோ சூப் வைக்கும் பாத்திரம்.
அவ்வளவையும் கொள்ள இந்தத் தெருவில்
ஒரே ஒரு செம்புத் தாச்சி,
அது நாத்தனார் பெல்மீரா வீட்டில்.

பெல்மீராவும் நானும் பேசி மூன்று வருஷம்.
மாமியாரின் அலமாரி ஒன்று...
அது இங்கே வேண்டாம்.

தாச்சியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
வெயிலில் அவளே வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
ஓட்டுநரிடம் சொன்னாள்:
"அந்தம்மாவிடம் சொல்லுங்கள்,
கிலோவுக்கு எழுநூறு கிராம் சர்க்கரை."
"அந்தம்மாவிடம் சொல்லுங்கள்,
அறுநூறே திகட்டும்."
இரண்டடி தூரத்தில் நின்ற எங்களுக்கு
ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னான் ஸெஃபெரீனு.
அறுநூற்றைம்பது என்று
தீர்ப்பையும் அவனே சொன்னான்.

அடியில் குறுக்காகக் கீறி
கொதிநீரில் போட்டு முப்பது எண்ணி
குளிர்நீரில் முக்கினால்
நாளெல்லாம் நின்றவள் கழற்றும் காலுறைபோல்
தோல் சுருண்டு வந்தது.
அவள் விதையை வழித்துப் போட்டாள்.
வழித்ததை நான் திரும்பச் சேர்த்தேன்.
ஒரு துண்டு பட்டை. எலுமிச்சைத் தோல்,
வெள்ளை ஒட்டாமல் சீவியது.
நுரை எழும், ஒதுக்குவோம், மறுபடி எழும்.

மதியம் கிரேன் வந்தது.
லாரி நிமிர்ந்தபோது ஊரே கைதட்டியது.
எங்களால் போக முடியவில்லை.
கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடிக்கும்,
நிறுத்தாவிட்டால் தோள் கழன்றுவிடும்.
கரண்டி கை மாறிக்கொண்டே இருந்தது.
அதற்கு மட்டும் ஓட்டுநர் தேவைப்படவில்லை.

இங்கே பாகுக்குக் கம்பிப் பதம் உண்டு,
முத்துப் பதம் உண்டு.
ஜாமுக்கு வேண்டியது சாலைப் பதம்:
கரண்டியை அடியோடு இழுத்தால்
சிவப்பு இருபுறமும் விலகி
ஒரு மூச்சு நேரம் செம்பு தெரிய வேண்டும்.
இழுத்தேன். மூடிக்கொண்டது.
இழுத்தாள். மூடிக்கொண்டது.
கால்மணி கழித்து இழுத்தபோது
தாச்சிக்குள் ஒரு சாலை திறந்து
திறந்தபடியே கிடந்தது.

"ஆச்சு" என்றோம் இருவரும்.
ஸெஃபெரீனு நாற்காலியில் தூங்கிப்போயிருந்தான்.

முப்பத்தொரு சீசா.
இரண்டுக்கு மூடி சரியாகப் பிடிக்கவில்லை,
அது யார் கழுவியது என்று ஒரு பேச்சு.
அலமாரி இன்னும் அவள் வீட்டில்தான்.

நவம்பரில் காப்பீட்டுக்காரர் வந்தார்,
முளைத்தும் முளைக்காத மீசை, கையில் படிவம்.
எவ்வளவு பழம் மீட்கப்பட்டது என்று கேட்டார்.
ரொட்டி அறுத்து
ஆட்டுப்பால் சீஸ் ஒரு வில்லை வைத்து
மேலே ஒரு கரண்டி தடவிக் கொடுத்தேன்.
சன்னல் பக்கம் திரும்பி மெல்ல மென்றார்.
இன்னொன்று கேட்க வெட்கப்பட்டு
பட்டை போட்டீர்களா என்றார்.
பிறகு மேசையில் படிவத்தை விரித்து
முழு நஷ்டம் என்று எழுதினார்,
ஓரத்தில் ஒரு சிவப்புக் கட்டைவிரல் பதிய.